செஞ்சியாற்றின் வரலாறு – 7: மலைக்கல்லும் மணிக்கல்லும்

செஞ்சி மலைகளின் மேற்குச் சரிவில் தோன்றி, வீடூர், திருவக்கரை, வில்லியனூர் வழியாக ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் ஆற்றைக் கரையோர மக்கள் சங்கராபரணி என்பார்கள். வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயருண்டு. ஓடும் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று வகைக் கற்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. ஆற்றின் தலைப்பகுதியில் செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் கருங்கல். நடுவில் திருவக்கரைக் கல்மரம். கடல் முகத்தில் அரிக்கமேட்டு மணிகள்.

இவற்றுள் ஒன்றுகூட இந்த ஆற்றங்கரையில் சுரங்கம் தோண்டி எடுத்த இரத்தினம் அல்ல. கொங்கு நாட்டைப் போல இங்கே மணிக்கல் விளையவில்லை. ஆனால் அந்தக் கொங்குக் கல்லை ரோமாபுரி வரை விலைபோகச் செய்த தொழிற்கூடங்களில் ஒன்று இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. கல் வெளியூர்களிலிருந்து வந்தது. அதன் மதிப்பு இங்கே கைவேலையால் கூடியது. செஞ்சியாற்றுப் பகுதியின் மணிக்கல் வரலாறு சுரங்கத்தின் வரலாறாக இல்லாமல் பட்டறையின் வரலாறாக அமைந்தது இதனால்தான்.

செஞ்சிப் பாறை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையால் ஆனவை. நிலத்துக்கடியில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியபோது குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் பின்னிப் பிணைந்த கருங்கல் உண்டானது. மேலே இருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, அது வெளியே தெரிந்தது. பாறையிலிருந்த விரிசல்களில் மழைநீர் இறங்கி மூலைகளைத் தின்றது. நடுப்பகுதி மட்டும் உருண்டு திரண்டு எஞ்சியது. செஞ்சியைச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் கிடக்கும் குண்டுப் பாறைகள் அப்படி உருவானவையே.

மணிக்கல் பிறக்க வேறு சூழல் வேண்டும். பாறைக்குழம்பின் பெரும்பகுதி இறுகிய பிறகு, கடைசியாக எஞ்சும் திரவத்தில் பெரிலியம், போரான், லித்தியம் போன்ற அரிய தனிமங்கள் செறிந்திருக்கும். அது விரிசல்களுக்குள் புகுந்து, நீராவி மிகுந்த நிலையில் நிதானமாக இறுகினால் பெக்மடைட் என்னும் பருமணிப் பாறை உருவாகும். பெரில் போன்ற கற்கள் ஆறு பட்டைப் படிகங்களாக வளர்வது அதற்குள்தான். கொங்கு நாட்டின் காங்கேயம் வட்டாரத்தில் அந்த வாய்ப்பு அமைந்தது. செஞ்சிப் பாறை கோட்டைக்கும் கோயிலுக்கும் ஏற்ற உறுதியைப் பெற்றது. இரத்தினம் விளையும் பேற்றைப் பெறவில்லை.

ஆனாலும் ஒரு தொடர்பு உண்டு. கருங்கல்லில் வெள்ளையாக மின்னும் குவார்ட்ஸின் வேதிப்பொருள் சிலிக்கா. திருவக்கரை மரங்களைக் கல்லாக்கியதும் சிலிக்காவே. அரிக்கமேட்டில் கோக்கப்பட்ட பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவையும் அதே சிலிக்காவின் வெவ்வேறு தோற்றங்கள். கலந்திருக்கும் இரும்பின் அளவு, படிகத் துகள்களின் நேர்த்தி, உருவான வேகம் ஆகியவை மாறும்போது நிறமும் ஒளியும் மாறுகின்றன. வேதியியலில் ஒரே பொருளாக இருப்பவை சந்தையில் வெவ்வேறு விலை பெறுகின்றன.

திருவக்கரைக் கல்மரங்கள்

திருவக்கரை இன்று வக்கிரகாளியம்மன் கோயிலால் அறியப்படும் ஊர். அதன் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் சிவந்த மேட்டு நிலத்தில் அடிமரங்கள் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் கிடக்கின்றன. நீளம் 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை. கிளையும் இலையும் இல்லை. மரப்பட்டையின் வரிகளும் வெட்டுமுகத்தில் வளையங்களும் கண்ணுக்குத் தெரியும். தட்டினால் கல்லின் ஓசை வரும்.

இவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பெருவெள்ளம் எங்கோ வளர்ந்த மரங்களை அடித்துவந்து மணலில் புதைத்தது என்பது நிலவியலாளர் கருத்து. கிளைகள் ஒடிந்து அடிமரம் மட்டும் எஞ்சியிருப்பதே அதற்குச் சான்று. காற்றுப் புகாத ஆழத்தில் மரம் உடனே மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, மரப்பொருள் நீங்க நீங்க அதன் இடத்தைப் பிடித்தது. அறையின் வடிவம் கெடாமல் பொருள் மட்டும் மாறியதால், கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து எந்தக் குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்ல முடிகிறது. புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களின் உறவினங்கள் இங்கே இனங்காணப்பட்டுள்ளன.

1781இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா இவற்றைப் பற்றி முதலில் எழுதினார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. ஒன்பது பகுதிகளாகப் பிரிந்த இப்பூங்காவின் பரப்பு 247 ஏக்கர். சுமார் 200 மரங்கள் இதில் உள்ளன.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இதே வகை நிலம் இதைவிடப் பெரிய அளவில் உண்டு. அங்கே கல்லான ஊசியிலை மரங்களின் வயது ஏறத்தாழ 22 கோடி ஆண்டு. இரும்பு கலந்ததால் சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசால் ஊதாவும் கருமையும் ஏறிய அந்த மரத்துண்டுகளை அறுத்து மெருகிட்டால் அகேட் போலவே மின்னும். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த பழங்குடியினர் கல்மரத் துண்டுகளைக் கொண்டே எட்டு அறைகள் உள்ள வீடு கட்டினார்கள். இருப்புப்பாதை வந்தபின் வணிகர் வண்டி வண்டியாக அள்ளினர். 1890களில் கல்மரத்தைப் பொடியாக்கித் தேய்ப்புத்தூள் செய்ய ஆலையே நிறுவினார்கள். உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1962இல் அது தேசியப் பூங்கா ஆனது. மணிக்கல்லாக விலைபோகும் பொருளாதலால் அரிசோனா மரங்களுக்கு ஆபத்து வந்தது. திருவக்கரை மரங்களில் அத்தகைய பளபளப்பும் நிறச்செறிவும் குறைவு. வணிகர் கண் படாததும் அவை நிலைத்ததற்கு ஒரு காரணம்.

அரிக்கமேடு வெளிப்பட்ட விதம்

செஞ்சியாறு கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. அரியாங்குப்பம் ஆறு என வழங்கும் அந்தக் கிளையின் கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் இருப்பது அரிக்கமேடு. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல், இங்கே ஆற்றங்கரையில் பெரிய செங்கற்களால் ஆன பழஞ்சுவர்கள் இருப்பதை 1769ஆம் ஆண்டையொட்டிக் குறித்துவைத்தார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மழை மேட்டை அரிக்கும்போதெல்லாம் நிறநிறமான மணிகள் வெளிவரும். அவ்வாறு கிடைத்தவை புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயின் கைக்கு வந்தன. அவற்றுள் தலை உருவம் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டு, அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் 1937இல் கருதினார். சோழமண்டலக் கரையில் ரோம வணிகத் தலம் ஒன்று புதைந்துகிடக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு மெருகுக் கலங்களும், திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. இத்தாலியில் அந்தக் கலங்களின் காலம் முன்பே உறுதிப்பட்டிருந்தது. அதனால் அவற்றோடு சேர்ந்து கிடைத்த தமிழகப் பானையோடுகளுக்கும் மணிகளுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அரிக்கமேடு தந்த பெருங்கொடை இந்தக் கால அளவுகோல்தான். 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த ஆய்வு, ரோம வணிகத்துக்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்ததையும், அது ஓய்ந்த பின்னும் ஊர் நீடித்ததையும் காட்டியது. ரோமர் வந்து உண்டாக்கிய ஊர் என்ற பழைய எண்ணம் அத்தோடு கைவிடப்பட்டது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பயணக் கையேடு' இக்கரைத் துறைமுகங்களில் ஒன்றாகப் பொதுகே என்பதைச் சொல்கிறது. அது அரிக்கமேடு என்பது அறிஞர் பலரின் முடிவு.

கல் வந்த வழிகள்

அரிக்கமேட்டில் பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், ஜாஸ்பர், கார்னெட் ஆகியவற்றின் மணிகள் கிடைத்துள்ளன. உடைந்த சில்லுகளும், பாதி உருட்டிய துண்டுகளும், துளையிடும்போது பிளந்தவையும் உடன் கிடைத்தன. முடிந்த மணி எங்கிருந்தும் இறக்குமதியாகலாம். கழிவுச் சில்லு வேலை நடந்த இடத்தில்தான் கிடக்கும். இங்கே பட்டறை இருந்ததற்கு அதுவே உறுதியான சான்று.

கற்களில் ஒரு பங்கு கொங்கு நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் என்ற ஊர். அந்த நூல் அதை அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற இடமாகக் குறிக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் பிறரும் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவை மூலக்கல்லாகவும் அரைவேலை முடிந்தனவாகவும் முழு மணிகளாகவும் கிடைத்தன. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருந்தன.

கொடுமணலுக்கு அண்மையில், காங்கேயம் அருகே உள்ள படியூர் பெரிலுக்குப் பெயர்பெற்றது. கடல்நீர் நிறமுள்ள அக்வாமரின் வகைக் கல் அங்கே பெக்மடைட் பாறையில் கிடைத்தது. 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்தச் சுரங்கத்தை மீண்டும் தோண்டிக் கல் எடுத்தார். சிவன்மலை வட்டாரமும் கரூர்ப் பக்கமும் குருந்தக்கல்லுக்கு அறியப்பட்டவை. இது வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது. நீலமும் மாணிக்கமும் இதன் நிறம்பெற்ற வகைகள். நிறமற்ற மட்டமான குருந்தம் பொடியாகிப் பிற கற்களை மெருகிடப் பயன்பட்டது.

எல்லாக் கல்லும் தமிழகத்துக் கல் அல்ல. அரிக்கமேட்டுக் கார்னெட் மணிகள் சிலவற்றின் வேதி அமைப்பு, இன்றைய தெலங்கானாவின் கரிப்பேட்டைக் கார்னெட்டோடு ஒத்துப்போவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சூதுபவளமும் அகேட்டும் தக்காணத்து எரிமலைப் பாறைப் பகுதியிலும் குசராத்திலும் மிகுதியாகக் கிடைப்பவை. உள்நாட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு இறங்கும் இயல்பான வழிகளில் ஒன்று, செங்கம் கணவாய் கடந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என வரும் பாதை. மலைபடுகடாம் புகழும் நன்னனின் செங்கண்மா அதன் மேற்கு முனையில் உள்ள செங்கம். சிறுபாணாற்றுப்படை புகழும் நல்லியக்கோடனின் கிடங்கில், கிழக்கே திண்டிவனத்தை ஒட்டியது. இன்றும் கிருஷ்ணகிரி – புதுச்சேரி நெடுஞ்சாலை ஏறத்தாழ இதே தடத்தில்தான் செல்கிறது.

மணி செய்யும் முறை

சூதுபவளம் மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் மங்கிய பழுப்பாகவே இருக்கும். அதை நன்கு உலர்த்தி, சாண எருவோ மரத்தூளோ இட்ட மூடிய நெருப்பில் மெதுவாகச் சூடேற்றுவார்கள். கல்லில் உள்ள இரும்புக் கலவை நீரை இழந்து சிவக்கும். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். சூடாக்கிய கல் சில்லு பெயர்ப்பதற்கும் இணக்கமாகும். கூர்முனைக் கம்பியில் கல்லைச் சார்த்திப் பிடித்து, கொம்பாலான சுத்தியால் தட்டித் தட்டி உருவம் கொண்டுவரும் முறை குசராத்தின் கம்பாத் நகரில் இன்றும் நடக்கிறது. பிறகு சாணைக்கல்லில் தேய்ப்பு.

கடினமான வேலை துளையிடுவதே. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, பெரில் 7.5க்கு மேல். இரும்பு முனையால் இவற்றைத் துளைக்க முடியாது. தென்னிந்திய மணிகளின் துளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், உட்சுவரில் ஒரே சீரான சுற்று வரிகளைக் கண்டு, முனையில் வைரச் சில்லு பதித்த வில் துளைப்பான் பயன்பட்டது என்று முடிவு செய்தனர். மணியைப் பிடிகருவியில் இறுக்கி, நீர் சொட்டவிட்டு, வில்லை முன்னும் பின்னும் இழுத்து ஒரு பக்கத்திலிருந்து பாதி துளைப்பார்கள்; பிறகு திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். இரண்டும் நேராகச் சந்திக்காவிட்டால் மணி பிளக்கும். அகழாய்வில் அதிகம் கிடைக்கும் கழிவு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த இந்த மணிகளே. கடைசியில் குருந்தப் பொடியால் மெருகு.

ரோமாபுரியின் கணக்கு

கி.பி. 79இல் இறந்த ரோம அறிஞர் பிளினி, தம் 'இயற்கை வரலாறு' நூலின் கடைசிப் பகுதியான 37ஆம் புத்தகத்தை மணிக்கற்களுக்கே ஒதுக்கினார். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்கிறார். நிறம் மங்கல் ஆகையால் ஆறு பட்டையாகத் தீட்டி ஒளி தெறிக்கச் செய்கிறார்கள் என்றும், நீண்ட பெரில்களை இந்தியர் பெரிதும் விரும்பி, தங்கத்தில் பதிக்காமல் துளையிட்டு யானை மயிரில் கோக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். பளிங்குக்கு நிறமேற்றிப் போலிக் கல் செய்யவும் இந்தியர் கற்றிருந்தனர் என்ற குற்றச்சாட்டும் அதில் உண்டு. இந்திய மணிக்கல் வேலைக்காரர்களின் தொழில்நுட்பம் அவர் காதுவரை எட்டியிருந்தது என்பது இதிலிருந்து தெளிவு.

இந்த ஆசைக்கு ரோமர் கொடுத்த விலையும் பெரிது. இந்திய வணிகம் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி வேறோரிடத்தில் கணக்கிடுகிறார். அவருக்கும் முன், கி.பி. 22இல், பேரரசர் திபேரியஸ் மூப்பவைக்கு எழுதிய மடலில், பெண்களின் மணிக்கல் மோகத்தால் ரோமச் செல்வம் அயல்நாடுகளுக்குப் போகிறது என்று வருந்தியதாக வரலாற்றாசிரியர் டாசிடஸ் பதிவு செய்துள்ளார். அந்த அகஸ்டஸ், திபேரியஸ் பெயர் பொறித்த நாணயங்கள் கொங்கு நாட்டின் வெள்ளலூர், கரூர், கத்தாங்கண்ணி முதலிய இடங்களில் புதையல்களாகக் கிடைத்தன. மணிக்கல் விளைந்த வட்டாரமும் ரோமக் காசு மிகுதியாகக் கிடைத்த வட்டாரமும் பெரும்பாலும் ஒன்றே.

கல்லிலிருந்து கண்ணாடிக்கு

அரிக்கமேட்டில் கல்மணியோடு கண்ணாடி மணியும் பேரளவில் உற்பத்தியானது. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, குளிர்ந்ததும் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி ஓரத்தை மழுக்குவது இதன் முறை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செய்துவிடலாம். அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ–பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஜப்பான் வரை இவை கிடைக்கின்றன. இலங்கையின் மாந்தை, மலேசியாவின் கடற்கரை ஊர்கள் ஆகியவற்றிலும் இதே தொழில் பின்னர் நடந்தது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டு வரை இம்முறை உயிரோடிருந்தது.

அருமையான கல்லுக்குப் பதிலாக மலிவான கண்ணாடி வந்ததும் சந்தை விரிந்தது. வேந்தரும் வணிகரும் மட்டும் வாங்கிய மணியைக் கடல்கடந்த சிற்றூர்ப் பெண்களும் அணிந்தனர்.

நாயக்கர் காலத்து இரத்தினங்கள்

அரிக்கமேட்டின் செழிப்பு முடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஆற்றின் தலைப்பகுதியில் செஞ்சி அரசியல் மையமானது. விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்டனர். 1597இல் இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலா பிமென்டா செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். பட்டுக் கம்பளத்தில் திண்டுகளில் சாய்ந்திருந்த நாயக்கரின் மார்பை முத்தும் மணியும் பதித்த பெரிய சங்கிலி மறைத்திருந்ததையும், உச்சியில் முடிந்த நீள்முடியில் முத்துகள் இருந்ததையும் அவர் எழுதியுள்ளார். லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரும் செஞ்சிக்கு ஈடாகாது என்பது அவர் மதிப்பீடு.

அந்த மணிகளும் செஞ்சி மண்ணில் விளைந்தவை அல்ல. முத்து மன்னார் வளைகுடாவிலிருந்தும், மாணிக்கம் சோழமண்டலத் துணிக்கு மாற்றாகப் பர்மாவின் பெகுவிலிருந்தும், வைரம் கோல்கொண்டாப் பகுதியிலிருந்தும் தமிழகக் கடற்கரைக்கு வந்தன. ரோமர் காலத்தில் இந்த ஆற்றங்கரை கல்லைப் பட்டை தீட்டி ஏற்றுமதி செய்தது. நாயக்கர் காலத்திலோ நெசவும் நில வரியும் தந்த செல்வத்தால் இரத்தினத்தை வாங்கி அணிந்தது. இரண்டிலும் கல் வெளியிலிருந்தே வந்தது.

இன்றைய நிலை

மூன்று இடங்களும் இப்போது அரசின் பாதுகாப்பில் உள்ளன. செஞ்சிக் கோட்டையையும் அரிக்கமேட்டையும் இந்தியத் தொல்லியல் துறையும், திருவக்கரைப் பூங்காவை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் காக்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற உலகப் பாரம்பரியத் தொகுப்பின் 12 கோட்டைகளில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே.

அரிக்கமேட்டில் மழைக்குப் பின் மணிகள் இன்றும் தென்படலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யத் தனியாருக்கு உரிமையில்லை. மேட்டிலிருந்து எடுத்துச் செல்லும் மணியோடு அது கிடைத்த ஆழமும் உடன் கிடந்த பானையோடும் பற்றிய செய்தியும் போய்விடும். மணிக்கு அழகு எஞ்சலாம். வரலாற்றுக்கு அதன்பின் அது பயன்படாது.

(தொடரும். அடுத்த பகுதி: வீடூர் அணையும் ஆற்றுப் பாசனமும்)